தங்கச்சியா சொல்லு

"நீ சொன்னியா மாஹி?"

சித்திகா கேட்டது அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பின்னாலிருந்து மின்சார ரயில் ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. "மதினி, எங்க இருக்கீங்க?" என்று மாஹிரா வாயெடுப்பதற்குள் லைன் துண்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

எதைச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள் என்று மாஹிரா ஆச்சரியப்பட்டிருக்கலாம். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தேயிருந்தது.

அப்போது அவள் நின்றிருந்த இடமும் அப்படி. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியின் பயிற்சி அறை. எதிரே வரிசையாக சூப்பர்வைசர்கள், ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். முதுகுக்குப் பின்னால் திரையில் பெரிய எழுத்தில் அன்றைய தலைப்பு: 'காது கொடுத்துக் கேட்போம், நம்பிக்கை வளர்ப்போம்.'

போன வாரம் நம்மோடு வராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். கூடவே வந்தவர்கள் அதற்குள் காபியை ஆற்றிக்கொள்ளலாம்.

மாஹிராவுக்குத் தொழில், கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது. எங்கே ஆட்கள் நிற்காமல் ஓடுகிறார்களோ அங்கே அவளைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச விடுவாள். கடைசியில் முதலாளியிடம் நோய் இன்னதென்று சொல்வாள். நாகல்கேணியில் ஷூ கம்பெனி நடத்தும் அவளுடைய அண்ணன் அமீருதீனுக்கு ரொம்ப காலம் இது ஒரு தொழிலாகவே படவில்லை. "என் தங்கச்சிக்கு என்ன வேலை தெரியுமா? அடுத்தவன் பேசறதைக் கேக்கற வேலை" என்று நிக்காஹ் வீடுகளில் எல்லாம் கிண்டலடிப்பார். தன் கம்பெனியிலேயே தையல் பிரிவில் ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்ததும், அதே அண்ணன் போன மாதம் தங்கையைக் கூப்பிட்டார்.

மாஹிரா அங்கே பழைய ஸ்டோர் ரூம் ஒன்றைக் காலி செய்தாள். மேஜை கிடையாது, இரண்டு நாற்காலி மட்டும். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின். வருகிறவர் கண் முன்னாலேயே தன் போனை அந்த டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் உட்காருவாள். "இங்க பேசறது இங்கயே இருக்கும். மூணு பேராவது சொன்ன விஷயம்தான் பாய்கிட்டப் போகும், அதுவும் பேரில்லாம" என்பது அவள் எல்லோருக்கும் கொடுத்த வாக்கு.

அந்த நாற்காலிக்குக் கடைசியாக வந்தவள் சித்திகா. அமீருதீனின் மனைவி, மாஹிராவுக்கு மதினி. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். தோலின் நிறம் வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அந்தக் கம்பெனியில் அவள் வேலை. அதற்கு ஒரு பதவியோ ஒரு பெயரோ இன்று வரை கிடையாது. கேட்டால், "நம்ம கம்பெனிதானே" என்பார் அமீருதீன்.

அவள் தன் போனையும் டின்னுக்குள் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூ போய் வந்ததையும், வேலை கிடைத்துவிட்டதையும், வருகிற திங்கட்கிழமை சேர வேண்டியதையும் சொன்னாள். "என் மனசு இங்க இல்ல மாஹி" என்றாள். "அவர்கிட்ட நானே நேரம் பாத்துச் சொல்றேன். அது வரைக்கும் இது உன்னோட இருக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு. மாஹிரா கிளம்பும்போது அமீருதீன் கேட் வரை கூடவே வந்தார். "அடுத்து யாரு போகப் போறா? கன்சல்டன்ட்டா வேணாம்மா, தங்கச்சியா சொல்லு" என்றார்.

"மதினிகூட உக்காந்து பேசுங்கண்ணே. அவங்க மனசு இங்க இல்ல" என்றாள் மாஹிரா.

அத்தோடு போன வாரம் முடிந்தது. கல்லூரியைப் பற்றி வாய் திறக்கவில்லை, வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை, ஜாடையாக ஒரு வார்த்தைதானே என்று அவள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது திங்கட்கிழமை காலை. நாம் பயிற்சி அறைக்குத் திரும்பலாம்.

"மேடம், ஆரம்பிக்கலாமா?"

முன் வரிசையில் இருந்த ஜெயவேலு. பேக்கிங் பிரிவுக்காரர், எந்த வகுப்பிலும் முதலில் கை தூக்குகிற ரகம்.

"ஒரு டவுட்டு மேடம். மனசு தொறந்து பேசுங்கன்னு எல்லாரும் வந்து சொல்லிகினு போறாங்க. நாங்க பேசறது மேல போவாதுன்றதுக்கு இன்னா கேரண்டி?"

எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். பதில் மாஹிராவுக்கு மனப்பாடம். பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்வாள், மூன்று பேர் விதியைச் சொல்வாள், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். இன்றைக்கு வாயைத் திறந்தாள், அந்தப் பதில் வரவில்லை.

"கேரண்டி இல்ல சார்" என்றாள்.

"அப்ப டீய குட்ச்சிட்டுக் கெளம்பிக்கினே இருக்கலாம்" என்றார் ஜெயவேலு. எல்லோரும் சிரித்தார்கள். மாஹிராவும் சிரித்து வைத்தாள். மதியம் வரை எதையோ பேசி ஒப்பேற்றினாள். நடுவில் கிடைத்த இடைவெளியில் எல்லாம் சித்திகாவின் எண்ணை அழுத்தினாள். சாப்பாட்டுக்கு விட்டதும் பாக்கி வகுப்பை வேறு நாளைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை நாகல்கேணிக்கு விட்டாள்.

அமீருதீன் லுஹர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். தொப்பியை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

"வாம்மா. சாப்டியா?"

"மதினி எங்கண்ணே?"

"வீட்லதான் இருப்பா. ஏன்?"

"வீட்ல இல்ல. காலைல எனக்குப் போன் பண்ணாங்க, ரயில் சத்தம் கேட்டுது. நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? நீ சொன்னதைத்தான் பண்ணேன்." அமீருதீன் நிஜமாகவே குழம்பிப்போனார். "சனிக்கிழமை உக்கார வெச்சுக் கேட்டேன். 'உன் மனசு இங்க இல்லையாமே, எங்கயாவது போகப் போறியா'ன்னேன். அவளுக்குத்தான் பொய் வராதே. காலேஜு, லேப்பு, எல்லாத்தையும் சொல்லிட்டா."

மாஹிராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்த வார்த்தையையே கேட்டீங்களா? மனசு இங்க இல்லையாமேன்னு?"

"ஏன், நீ சொன்னதுதானே?"

அது மாஹிராவின் சொந்த வார்த்தை இல்லை. அந்த ஸ்டோர் ரூமில் சித்திகா சொன்னது. ஒரு மாற்று வார்த்தை போட்டு மறைக்கக்கூடத் தோன்றாமல், கேட்டதைக் கேட்டபடியே கொண்டுவந்து வாசல் கேட்டில் இறக்கியிருக்கிறாள்.

"சரி, அவங்க சொன்னதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"சரின்னுட்டு?"

அமீருதீன் பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி வைத்தார். "அந்தக் காலேஜ் வொர்க்‌ஷாப்புக்கு சேஃப்டி ஷூ நம்மதான் சப்ளை பண்றோம். பர்ச்சேஸ் பாக்கற சவுரிமுத்து சார் எனக்கு நல்ல பழக்கம். அவருக்கு ஒரு போன் போட்டேன். எங்க வீட்ல வேலைக்கு வர்றதா சொன்னாங்களாம், இப்பக் குடும்ப நிலைமை தோதுப்படாது சார், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு. மரியாதையாத்தாம்மா சொன்னேன். நேத்தே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா, அப்புறம் சரியாயிடும்னு நெனச்சேன்."

"அவங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னாடி போய் வேணாம்னு சொல்லியிருக்கீங்க."

"நேரா வேணாம்னா அழுவா. அவ அழுதா என்னால பாக்க முடியாது."

கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அமீருதீன் அதை மனதாரச் சொன்னார். பெண்டாட்டி அழுவதைப் பார்க்க முடியாமல்தான் அவள் ஆசைப்பட்ட ஒன்றை அவளுக்குத் தெரியாமல் முடித்துவைத்திருக்கிறார்.

ஜன்னலோரம் தோல் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. அமீருதீன் அவற்றைக் காட்டினார். "அவ அங்க வந்து நின்னு, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, 'ம்'னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் சரக்கு வெளிய போவும். வேற யாரு பாத்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அவ இல்லாம இந்தக் கம்பெனி ஒரு மாசம் ஓடாது மாஹி."

"இதை அவங்ககிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?"

"பொண்டாட்டிகிட்டப் போய் இதையெல்லாமா சொல்லுவாங்க?"

மாஹிரா மேஜை மேலிருந்த அவர் போனை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள். "சவுரிமுத்து சாருக்குப் போடுங்க. தப்பாச் சொல்லிட்டேன், அவங்க வருவாங்கன்னு சொல்லுங்க."

அமீருதீன் தயங்கினார். சொன்ன வார்த்தையை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார், ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், அது முடிஞ்சு போச்சே" என்றது எதிர்க்குரல். "நீங்க சொன்னதும் அடுத்து இருந்த ஆளை வரச் சொல்லிட்டாங்க, காலைல ஜாயின் பண்ணியாச்சு. மேடம் வேற ஃபைலோட நேர்ல வந்து நின்னாங்களாம். உங்க வீட்ல சொல்லலையா பாய் நீங்க?"

அமீருதீன் போனை வைத்துவிட்டார். "நேர்லயே போயிருக்கா" என்றார். அவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, சான்றிதழ் ஃபைலோடு கிளம்பிப் போய் அந்த ஆபீசில் நின்றிருப்பாள் என்பது அதுவரை அவர் கணக்கிலேயே இல்லை. அவசர அவசரமாக அவள் எண்ணுக்கு அடித்தார். ஸ்விட்ச் ஆஃப் என்றதும் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"நான் தேடிப் பாக்கறேன்" என்று எழுந்தாள் மாஹிரா.

"கண்டுபுடிச்சதும் உடனே எனக்குச் சொல்லணும். சொல்லிடும்மா."

அவள் தலையாட்டினாள். வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று படியிறங்கும்போது தோன்றியது.

அண்ணன் வீடு இருக்கும் மாடம்பாக்கத்துக்குப் போகும் வழியெல்லாம் அவளைக் குடைந்த கேள்வி வேறு. ஏன் சொன்னோம்? குடும்ப நல்லதுக்கு என்று இரண்டு நாளாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் பொய் இல்லைதான். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கேட்டருகே நடந்தது அது மட்டும் இல்லை. அத்தா மவுத்தான பிறகு தகப்பனாக இருந்து தூக்கி வளர்த்த அண்ணன், இவள் வேலையை ஊரெல்லாம் கேலி செய்த அண்ணன், முதல் முறையாக இவளிடம் குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணனுக்குத் தெரியாத ஒன்று தன் கையில் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. காட்டியும் விட்டாள். இதை நினைத்ததும் ஸ்கூட்டரை ஓரம் கட்டி இரண்டு நிமிஷம் நின்றாள். வெட்கமாக இருந்தது.

அண்ணன் வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. மகன் உஸாமா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து பகலில் அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி வடாம் காயப்போட்டிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"சித்திகாவையா தேடறேள்? காலம்பறவே ஆபீஸ் போயாச்சே! புதுச் செருப்பு, கையில ஃபைலு, பார்க்கவே ஜம்முனு இருந்தா. எங்கேடீம்மா இவ்ளோ சீக்கிரம்னேன். 'வேலைக்கு மாமி, இன்னிக்குத்தான் முதல் நாள்'னா. உங்க அண்ணா உடனே சரின்னுட்டாராமே? அவர் அப்படிச் சொல்லுவார்னு நான் நினைக்கவேயில்லைன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா."

மாஹிராவால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. "வரேன் மாமி" என்று கிளம்பிவிட்டாள்.

எங்கே போயிருப்பாள்? சொந்த ஊர் ஆம்பூர். பொழுது சாய இருக்கும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் தாய் வீட்டு வாசலில் போய் நிற்கிறவள் இல்லை சித்திகா. தோழி வீடு என்று போகவும் அவளுக்கு ஆள் கிடையாது. இருந்த ஒரே தோழி இதோ ஸ்கூட்டரில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் கொய்யாக்காய் ஞாபகம் வந்தது.

ஸ்டோர் ரூமில் சித்திகா கல்லூரியைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு வேறொன்றும் சொன்னாள். இன்டர்வியூ முடிந்து திரும்பும்போது பொத்தேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் போட்ட கொய்யாக்காய் வாங்கித் தனியாகத் தின்றாளாம். "நான் எங்க இருக்கேன்னு அப்ப இந்த உலகத்துல யாருக்குமே தெரியாது மாஹி. அவ்ளோ சந்தோஷமா இருந்துது. இன்னொரு ட்ரெயினையும் விட்டுட்டேன்" என்று சிரித்தாள். மாஹிராவும் சிரித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மூத்த ஊழியர் ஒருவர் வெளியேறப் போகிறார் என்பதுதான் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது. கொய்யாக்காய் எந்த அறிக்கைக்கும் உதவாத சங்கதி என்று அதைப் பொருட்படுத்தவில்லை. ஊருக்கெல்லாம் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறவள், மதினி ஆசையாகச் சொன்னதை அந்த அழகில்தான் கேட்டிருக்கிறாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் ஸ்கூட்டரை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு ரயிலில் ஏறினாள். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்தன. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் எதிர்த் திசையில் திரும்பிப் போகும் நேரம். இந்தப் பக்கம் போகும் பெட்டியில் கூட்டமில்லை.

பொத்தேரியில் இறங்கியதும் பார்த்துவிட்டாள். அவள் இறங்கிய அதே பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்ச். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு சித்திகா.

கொய்யாக்கூடைக்காரி பொன்னியம்மாள் இவள் நின்ற நிலையைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "உனுக்குச் சொந்தமா அந்தம்மா? காலைலேர்ந்து அங்கியேதான் குந்திகினு கீது. எத்தினி வண்டி வந்துச்சு, போச்சு. ஏறவே இல்ல. கூட்டிகினு போ தாயி, பாக்கவே பேஜாரா கீது" என்றாள்.

மாஹிரா போய் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்திகா திரும்பவில்லை. மாஹிரா தன் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"டின்னு கொண்டு வரலையா?" என்றாள் சித்திகா.

மாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மதினி, நான் வேணும்னு..."

"சொல்லாத மாஹி. நீ நல்லாப் பேசுவ. கேட்டா எனக்கே உன் பக்கம் நியாயம் இருக்கற மாதிரி ஆயிடும். இன்னிக்கு எனக்கு அது வேணாம்."

மாஹிரா வாயை மூடிக்கொண்டாள். எதிரே பேசுகிறவருக்குத் தலையாட்டுவது, கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லி ஊக்கப்படுத்துவது என்று அவள் கைவசம் நிறைய வித்தை உண்டு. ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு ரயில் வந்து போன பிறகு சித்திகாவே பேசினாள். "அந்த ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு. 'உங்க ஹஸ்பெண்ட் வேணாம்னு சொல்லிட்டாராமே மேடம், உங்களுக்குத் தெரியாதா?'ன்னா. பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க. தெரியும், இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மாஹிரா அவள் கையைப் பிடிக்கப் போனாள். சித்திகா கையை ஃபைலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு எப்படின்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு நேத்தா பாக்கறேன்? அவர் மேல இருக்கற கோவம் ஆறும், இல்ல ஆறாமயே போகும், அது வேற. சனிக்கிழமை அவரு கேட்டாரு பாரு, 'உன் மனசு இங்க இல்லையாமே'ன்னு. அந்த வார்த்தைய நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரு வாயிலேர்ந்து அது வந்த உடனே எனக்கு விளங்கிடுச்சு. ஆனாலும் உன்னைக் கேக்கல. அவரு சரின்னுட்டாரு, நல்லதாத்தானே முடிஞ்சுது, போகட்டும்னு விட்டேன். ரெண்டு நாள் உன்னை மன்னிச்சுட்டுச் சந்தோஷமா இருந்தேன் மாஹி. புதுச் செருப்பு வாங்கினேன்."

மாஹிரா கீழே பார்த்தாள். பழுப்பு நிறச் செருப்பு, குதிகால் பக்கம் உரசிச் சிவந்திருந்தது. ஷூ கம்பெனிக்காரர் பெண்டாட்டி கடையில் போய்த் தனக்கென்று வாங்கிக்கொண்ட செருப்பு.

"தப்புப் பண்ணிட்டேன் மதினி."

"ஆமா" என்றாள் சித்திகா.

பரவாயில்லை விடு என்று அவள் சொல்வாள் என மாஹிரா உள்ளூர எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. எத்தனையோ முறை சொன்னவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற இந்த நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து, எதற்கும் அவள் முதல் பதில் அதுதான். இன்றைக்கு அது வரவில்லை.

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. சித்திகா எழுந்து முந்தானையைச் சரி செய்தாள். அப்போதுதான் மாஹிராவுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போகும் ரயில் எதிர் பிளாட்பாரத்தில் வரும். இது செங்கல்பட்டுப் பக்கம் போகிறது. அந்தப் பக்கம் சித்திகாவுக்கு யாரும் கிடையாது.

"எங்க போறீங்க மதினி?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் இது வேண்டாம், அது போதும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் மாஹிராவுக்குத் தாங்கவில்லை.

"பயப்படாத. கிறுக்குத்தனமா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். ராத்திரி உஸாமாவுக்கு நானே பேசுவேன்."

"உங்களை இங்க பாத்ததை அண்ணன்கிட்ட..."

"சொன்னாலும் சொல்லு" என்றாள் சித்திகா. ரயில் வந்து நின்றிருந்தது. "உன்கிட்ட சொல்லாதன்னு வாக்கு வாங்கற பழக்கத்தை நான் விட்டுட்டேன்."

பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலின் வால் மறைவதற்குள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று தெரியும்.

"கெடைச்சாளா?"

"நல்லா இருக்காங்கண்ணே."

"அல்ஹம்துலில்லாஹ். போனை அவகிட்டக் குடு."

"இங்க இல்ல. போயிட்டாங்க."

"எங்க போனா?"

மாஹிரா ரயில் போன பக்கம் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். முக்கால்வாசி உண்மையும் கூட. ஆனால் பொய்யையும் இதில் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. "எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியும். சொல்ல மாட்டேன்."

அமீருதீன் கத்தினார். என் வீட்டைப் பிரித்துவிட்டாய் என்றார், உன்னைக் கூப்பிட்டதே தப்பு என்றார், பொழுது போகிற நேரத்தில் ஒரு பொம்பளை தனியாக எங்கே போவாள், உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. சித்திகா போன திசையை ஒரு வார்த்தை சொன்னால் அவர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒருவேளை அந்த ஜன்னலோரத்துத் தோல் துண்டுகளைப் பற்றிக்கூட அவளிடம் சொல்லிவிடுவார். மாஹிராவுக்கு அதுவும் தெரிந்தது. தெரிந்துகொண்டே காதில் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

கத்தி ஓய்ந்தார். அந்தப் பக்கம் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்து முடிந்தது.

"மாஹி..." அமீருதீனின் குரல் உடைந்திருந்தது. அத்தாவின் ஜனாஸாவைத் தூக்கும்போதுகூட உடையாத குரல். "எனக்கு அவ வேணும்மா. தங்கச்சியா சொல்லு."

சித்திகா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள் மாஹிரா. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கேட்டருகே சொல்லியிருக்க வேண்டிய பதிலை, யாருக்கும் உதவாத இந்த நேரத்தில் சொன்னாள்.

"மாட்டேண்ணே."